குளித்துவிட்டு வந்தாலே இருமல்

பிரசவம் முடிந்து திண்டுக்கல் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து குழந்தையை மாமியார்தான் குளிப்பாட்டினார். குளித்துவிட்டு வந்தாலே குழந்தைக்கு இருமல். ஒரு வாரம் போர்வெல் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். ஆனால் குளிப்பாட்டும்போது மாமியார் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறார்?

ஒருநாள் குழந்தையின் மூக்கை முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை!

"ரெண்டே சொட்டுதான் விட்டேன். ஒம் புருசனை இப்படித்தான் வளத்தேன்" என்றார் மாமியார்.

டாக்டரிடம் ஓடினோம். "நுரையீரலுக்குள் போயிருந்தால் ஆபத்து. நல்லவேளை, தப்பித்தது" என்றார் அவர்.

மறுநாள் மாமியாரிடம், "குளிப்பாட்டுறது நீங்கதான் அத்தை. மூக்குல எண்ணெய் விடக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் அசையவில்லை.

இப்போது துண்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். குழந்தையை வாங்கியதும் மூக்கைத்தான் முகர்கிறேன். அவரும், "நல்லா மோந்து பாருத்தா" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்.