ஏரியலை மூடிய தகரம்

சண்டை நடந்த காலம் அது. என் தம்பி அட்டனில் ரேடியோ திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்தான். நொடிகூடப் பிசகாமல் நேரம் தெரிய வேண்டும் என்பது அவனுக்கு ஒரு பைத்தியம். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கும் பழைய பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தான். நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தின் கூரையில் குழாய் நட்டு, அதன் நுனியில் காளான் மொட்டு மாதிரி ஓர் ஏரியலை வைத்தான். பெட்டியில் பச்சை எரிந்தால் சிக்னல் வருகிறது, சிவப்பென்றால் இல்லை.

அந்தக் குழாயைப் பார்த்தாலே எனக்குப் பயம். ஒரு துண்டு வயருக்காகக்கூடத் தமிழ்ப் பிள்ளைகளைப் போலீசும் ராணுவமும் ஜீப்பில் ஏற்றிப்போன நாட்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியில் சிவப்பு எரிந்தது.

"மூடுபனியா இருக்குமோ?" என்றேன்.

"பனி இத மறைக்காதுக்கா."

வயரின் முனையைக் கழற்றி ஈரம் துடைத்தான். மீட்டர் வைத்துப் பார்த்தான். "கரண்டு மேல வரைக்கும் போகுது. மேலதான் என்னமோ ஆகிருச்சு."

"பட்டப்பகல்ல ஏறாதப்பா. ரோட்டுல போறவங்களுக்கு நாமளே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"நீங்க பயந்து பயந்தே பாதியா தேஞ்சிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டு ஏணியை எடுத்தான்.

ஏரியல்மேல் யாரோ பிஸ்கட் தகரம் ஒன்றைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டித் தார் பூசியிருந்தார்கள். லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. மழைக்கு முன்னால் யாராவது ஒருவர் ஏறி, ஒழுகும் இடங்களைத் தகரமும் தாரும் வைத்து அடைப்பார். முந்தின நாள் ஏறியவர் பக்கத்து வீட்டு மாமா.

"நான்தான் மூடுனேன்" என்று அவரே வாசலுக்கு வந்தார்.

"தகரம் போட்டா சிக்னல் எப்படி மாமா வரும்?"

"வராட்டிப் போகட்டும். ஜீப்புல போறவன் கண்ணுல படக் கூடாதுல்ல." குரலைத் தாழ்த்தினார். "டவுன்ல ரெண்டு பேரு விசாரிச்சாங்களாம். கூரையில குழாய் வச்ச வீடு எதுன்னு."

தம்பியின் சிரிப்பு நின்றது. குழாயையே கழற்றிவிடு என்று கெஞ்சினேன். அவன் தகரத்தை மட்டும் கழற்றினான்.

"தகரந்தான் தடுக்கும். பிளாஸ்டிக்குன்னா தாண்டி வரும்" என்று சொல்லி, என் பழைய கறுப்புப் பிளாஸ்டிக் பேசனைக் கேட்டு வாங்கி ஏரியல்மேல் கவிழ்த்து மூடினான். சற்று நேரத்தில் பச்சை வந்தது.

"பேசன கூரைக்கு ஏத்துன மொத குடும்பம் நம்மதான்" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் கீழே ஜீப் சத்தம் கேட்டது. மெயின் ரோட்டிலேயே கினிகத்தேனைப் பக்கம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். தோட்டத்துப் பாதையில் திரும்பியது. கதவிடுக்கில் நின்று, ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவர்களின் கண்களையே பார்த்தேன். ஒருவரும் கூரைப் பக்கம் நிமிரவில்லை. மற்ற வீடுகளையும் பார்க்கவில்லை. முன்னால் வந்தவர் நேராக எங்கள் வாசலில் நின்று, தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.