நூற்றிருபது அடிக்கு மேல்

ஸ்பிரிட் பஞ்சின் வாடை எங்கே வந்தாலும் என் இடது கை தானாக மடிந்துகொள்கிறது.

நாற்பத்தொரு வயதில், மூன்றாம் முறையாகக் கருவைக் கருப்பைக்குள் வைத்த பதினான்காம் நாள், தஞ்சாவூரில் இரத்தம் கொடுத்தேன். பீட்டா எச்.சி.ஜி (கரு பதிந்தபின் அதைச் சூழ்ந்த திசு சுரக்கும் ஹார்மோன்). முதல் எண்ணைவிட அது ஏறுவதுதான் முக்கியம், இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டில் மாமனாரிடம் சொல்லவில்லை. முந்தைய இரண்டு முறையும் சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்ட வார்த்தைகளே போதும்.

பூதலூர் பக்கம் எங்கள் வீடு. சாயங்காலம் கணவர் கைபேசியைப் பார்த்து, "நூத்திப் பன்னெண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கண்புரை ஆபரேஷன் ஆகி, பேப்பர் படிக்காமல் கிடந்த மாமனார் எழுந்து உட்கார்ந்தார். மேட்டூர் நீர்மட்டம் என்று நினைத்துவிட்டார். "அப்ப நாத்து விட்டுடலாம்டா."

நாங்கள் மறுக்கவில்லை. அன்று மூன்று பேரும் ஒரே எண்ணுக்காக மகிழ்ந்தோம்.

அடுத்த இரண்டு நாள் எப்படி என்று இதே எண்ணுக்காகக் காத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்பு வலித்தால் நிம்மதி. காப்பி குமட்டாவிட்டால் அழுகை.

இரண்டாம் எண் நூற்று ஐம்பத்தொன்று. கணவர் குரலை அடக்க மறந்து படித்தார்.

"மேட்டூரே நூத்திருபது அடிதானடா. நூத்தி அம்பத்தொண்ணுன்னா நாம படகுலதான இருக்கணும்."

கணவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, என் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"ஏறலையாம்மா?"

மூன்றாம் எண் எண்பத்தாறு. "நீங்க நடந்ததாலயோ, தூக்கினதாலயோ, கவலைப்பட்டதாலயோ இது ஆகல" என்றார் டாக்டர். அதை நம்ப எனக்குப் பல மாதம் ஆனது. உங்களுக்கும் ஆகலாம்.

அதோடு ஊசி நிற்கவில்லை. எண் ஐந்துக்குக் கீழே போகும்வரை பார்க்க வேண்டுமாம் (கருத்திசு கருக்குழாயில் எங்காவது தங்கிவிடக் கூடாது). எது ஏற வேண்டுமென்று கிடந்தேனோ அது இப்போது இறங்கினால் நல்லதாம். வாய்க்காலில் தண்ணீர் ஏறிய வாரங்களில் நான் வடிந்துகொண்டிருந்தேன். மாமனார் அதன்பின் நீர்மட்டம் கேட்கவே இல்லை. கண் தெளிந்ததும் பேப்பரைத் தானே படித்தார், வாய்க்குள்.

இன்னமும் நாட்கள் எனக்கு இரண்டிரண்டாகத்தான் நகர்கின்றன.

கடைசி எண் இரண்டு. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, இனி வர வேலையில்லை என்றேன். எப்போதும் இரத்தம் எடுத்த அந்தப் பெண் என் இடது முழங்கையின் நீலத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள்.

"வந்தா வலது கையைக் குடுங்கக்கா. இது ஆறட்டும்."