வழி: கல்லூரி முதல்வர்

குற்றாலத்துப் பாறைகளில் படரும் பாசிக்காக ஒன்பது வருடம் வழுக்கி விழுந்து எழுந்து ஒரு கட்டுரை எழுதினாள் வித்யாலட்சுமி. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதை ஏற்றுக்கொண்ட சந்தோஷத்தில், நீட்டிய தாளில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மேலகரத்து வீட்டில் அவள் ஒருத்திதான். பெருமையைச் சொல்லிக்கொள்ள ஆள் வேண்டாமா? மாணவர்கள் படிக்கட்டும் என்று கட்டுரையைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றினாள். பத்தே நாளில் பதிப்பகத்திடமிருந்து கடிதம் வந்தது: உரிமை எங்களுடையது, எடுத்துவிடுங்கள். முதல்வர் வெலவெலத்துப் போய் அன்றைக்கே எடுக்க வைத்தார்.

ஆத்திரத்தோடு ஒப்பந்தத்தைத் தேடிப் படித்தாள். தனியாகக் கேட்பவருக்கு ஒரு பிரதி கொடுக்கலாம் என்று ஒரு மூலையில் இருந்தது. மறுநாளே வகுப்பில் சொன்னாள்.

"வேணுங்கிறவங்க தனித்தனியா எழுதிக் கேளுங்க. நான் தாரேன்."

ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. போய்க் கெஞ்சவா முடியும்? இறுதியாண்டுப் பிள்ளைகளின் பிரிவு விழாவிலும் அவளை ஒட்டி யாரும் நிற்கவில்லை. தன் ஒன்பது வருடம் யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் அவளுக்குப் பணி ஓய்வு. அன்று அலுவலக உதவியாளர் பேச்சித்தாய் ஒரு கட்டோடு வந்தாள்.

"மேடம், முதல்வர் ரூம்பு அலமாரியத் தொடைக்கயில கெடந்துது. ஒங்க பேரு போட்டிருக்கு."

முப்பத்தொரு கடிதங்கள். 'எழுதிக் கேளுங்க' என்றதும், கல்லூரியில் எதைக் கேட்டாலும் எழுதுகிற மாதிரியே, மேலே 'வழி: கல்லூரி முதல்வர்' என்று போட்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே பயந்திருந்த மனிதர் பச்சை மையில் 'நிலுவையில் வைக்கவும்' என்று எழுதிக் கட்டி வைத்துவிட்டார்.

கடிதங்களில் செல்போன் எண் இருந்தது. ஆளில்லாத துறை அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்டுரையை அனுப்பினாள். சமீனா என்ற மாணவியிடமிருந்து மட்டும் பதில் வந்தது.

"பரீட்ச முடிஞ்சிட்டே மேம். எழுதிக் கேட்டும் தரலியேன்னு நாங்க எல்லாரும் ஒங்க மேல வருத்தத்துல இருந்தோம்."

பிரிவு விழாவில் பிள்ளைகள் ஏன் விலகி நின்றார்கள் என்பது வித்யாலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது.