ஏழாவது உருண்டையின் பாட்டு

என்னைப்போல் கருவாட்டு மண்டி வைத்திருப்பவனுக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. என் தங்கை ஆரிபாவை லியாக்கத் அலிக்குக் கட்டிக்கொடுத்ததால் வந்த வினை. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் அவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கை பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார். "மச்சான், மச்சான்" என்று நான் தொண்டை வற்றக் கூப்பிட்டால், அசந்து தூங்கினவனை எழுப்பிவிட்டதுபோல் விழித்துப் பார்ப்பார்.

ருஷ்யாக்காரன் வானத்துக்கு ஆள் அனுப்பி, பத்திரமாகத் திரும்ப இறக்கினான் என்று ரேடியோவில் சொன்னார்களே, அதற்குப் பிறகு மனிதருக்குக் கிறுக்கு முற்றிப்போனது. மண்ணெண்ணெய்த் தட்டில் கிடக்கும் பேரிங் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் உருட்டிப் பார்ப்பார். ஒவ்வொன்றும் ஓர் உலகமாம். ஏழாவது குண்டில் துரு ஏறியிருந்தது. எவ்வளவு துடைத்தாலும் பளபளப்பு வரவில்லை. அதை அவர் தூக்கிப் போடவில்லை, கதையாக்கினார்.

சிதம்பரத்தில் சின்னையன் என்பவர் ஒரு சிறு மாதப் பத்திரிகை நடத்திவந்தார். அதில்தான் 'ஏழாவது உருண்டை' தொடராக வந்தது. அந்த உலகத்தின் சூரியன் அணைந்துகொண்டிருக்கிறது. ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கொடுத்தால்தான் அது மறுபடி எரியும். அதற்காக ஊசிபோல் மெலிந்த ஒரு கப்பல் வானத்திலிருந்து இறங்கி, ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு போகும். யார் போவது என்பதைப் பெரியவர்கள் சொல்வதில்லை. குழந்தைகள் வட்டமாக நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். பாட்டின் கடைசி வார்த்தை யார் மேல் விழுகிறதோ அந்தக் குழந்தை போக வேண்டும். கப்பல் வரும்வரை அந்தக் குழந்தை சாப்பாட்டில் உப்புச் சேர்க்கக் கூடாது, சூரியனுக்கு உப்பு ஆகாது. தாய்மார்கள் பக்கத்தில் நின்று சிரித்தபடி தாளம் போடுவார்கள்.

*ஊசிக் கப்பல் வருது பார்*
*உப்பில்லாத கடல்மேலே*
*பாலைக் குடிச்ச பிள்ளை யார்?*
*பாயைச் சுருட்டு மெதுவாக*
*கதவு திறந்தா யார் போறா?*
*கண்ணை மூடு, நீ போறே!*

இதை முதன்முதலாகக் கேட்டபோது, "மச்சான், இது பிள்ளைங்க பாடுற பாட்டா? பேய்கூட இதக் கேட்டா வேற தெருவாப் போவும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பிள்ளைங்களுக்குப் புடிச்சிருக்கே" என்றார். அவர் சொன்னது நிஜம். எழுதியதைச் சிதம்பரத்துக்கு அனுப்பும் முன், வாடகைச் சைக்கிளுக்காகக் கடை வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். இந்தப் பாட்டுக்கு ஒரு பிள்ளையும் கொட்டாவி விடவில்லை. ஓடிப் பிடிக்கும் விளையாட்டுக்கு ஆள் பிரிப்பதற்குக்கூட இதையே பாட ஆரம்பித்தார்கள். சாயங்கால உப்புக்காற்றில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, 'பாயைச் சுருட்டு மெதுவாக' என்று இனிமையாக மிதந்துகொண்டே இருக்கும். ஆரிபா அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவாள். கொசு வருகிறதாம்.

மீனவர் தெருவில் பஞ்சநாதன், செல்லாயி தம்பதியின் மகள் தனம். ஏழெட்டு வயசிருக்கும். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, சோற்றை விட மீனை ஜாஸ்தியாகத் தின்று வளர்ந்தது. ஒருநாள் பாட்டு அவள் மேல் விழுந்தது. மறுநாளும் அவள் மேலேயே விழுந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றைக்குப் பார்த்து, இரும்புத்தாது ஏற்றுவதற்காக ஒரு கப்பல் வந்து கடலூருக்கு எதிரே நங்கூரம் போட்டது. எங்கள் ஊரில் பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்தில்தான் நிற்கும். பொழுது சாய்ந்ததும் அதன் விளக்குகள் தண்ணீரில் நீண்டு நீண்டு ஊசிமாதிரியே தெரியும். தனம் கரையில் நின்று அதைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்த் தன் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். அன்றிலிருந்து உப்புப் போட்ட எதையும் அவள் வாயில் வைக்கவில்லை.

நான் பிறகுதான் இதெல்லாம் கேள்விப்பட்டேன். அவளை அந்த நிலையில் முதலில் பார்த்தது பள்ளிவாசல் வாசலில். அந்தி நேரத்து மஃரிபு தொழுகை முடிந்து வருபவர்கள் ஓதி முகத்தில் ஊதினால் பிள்ளைக்கு நல்லது என்று, எல்லாச் சாதித் தாய்மார்களும் குழந்தையோடு வந்து வாசலில் நிற்பார்கள். அந்த வரிசையில் செல்லாயி, வாடின கீரைத்தண்டாகத் தோளில் சாய்ந்து கிடக்கும் தனத்தோடு நின்றாள். ஒவ்வொருவராக ஊதிவிட்டுப் போனார்கள். எனக்கு முன்னால் என் மச்சான்.

தனம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "கதை மாமா, கப்பல் எப்ப கதவத் தொறக்கும்? எனக்குக் காலு வலிக்குது" என்றாள்.

அவருக்கு ஓத வாய் வந்தது, ஊத மூச்சு வரவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் அப்படியே நடந்து போய்விட்டார். நான்தான் அந்தப் பிள்ளைக்கு ஊதினேன். என் மூச்சில் கருவாட்டு வாடை அடித்திருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் காலை செல்லாயி நேராக மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"பாய், நா சண்டைக்கு வரல. அந்தக் கதைல போற பொண்ணு திரும்பி வந்துட்டான்னு எழுதிடு. எம்புள்ள நாலு வாய் சோறு திங்கட்டும்."

"அத முடிச்சு சிதம்பரத்துக்கு அனுப்பியாச்சு செல்லாயி" என்றார் லியாக்கத் அலி. "அவ உள்ள போறா, கதவு சாத்திக்குது. அதான் முடிவு."

"மாத்து."

"போன பிள்ளை வராது. வந்துச்சுன்னு பொய் எழுத என்னால ஆவாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுதுவது முழுக்கப் பொய், அதில் இந்த ஒரு பொய்தான் இவருக்கு ஆகாதாம்! வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் உள் அறையின் திரையை விலக்கிக்கொண்டு ஆரிபா வந்தாள்.

"அண்ணே, அந்தப் பாட்டுல வர்ற பாய் எந்தப் பாய்னு கேளு அவர."

நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டுப் பரணில் ஒரு சின்னக் கோரைப்பாய் சுருட்டி வைத்தபடி கிடக்கிறது. மைமூனின் பாய். அவர்களுடைய ஒரே பிள்ளை. காய்ச்சலில் கிடந்து, பால் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஆண்கள் கபுர்ஸ்தானுக்குத் தூக்கிப் போன பிறகு யாரோ அந்தப் பாயை மெதுவாகச் சுருட்டினார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அவள் பெயரைச் சொன்னதில்லை. ஊருக்குச் சொல்ல முடியாததை இந்த மனுஷன் எங்கேயோ இருக்கிற துருப்பிடித்த உருண்டையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அதை ஊர்ப் பிள்ளைகள் எடுத்து என் தங்கை ஜன்னலுக்கு வெளியே தினமும் பாடியிருக்கின்றன. இத்தனை நாளும் கொசு என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை என்னவென்று சொல்வது?

ஆரிபா அழவில்லை. கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "வந்துட்டான்னு எழுத வேணாம். ஆனா கதவு சாத்திடுச்சுன்னு யாரு சொன்னா உங்களுக்கு? சின்னதுல மௌத்தான பிள்ளைங்க சொர்க்கத்து வாசல்ல நிக்கும், அத்தாவும் அம்மாவும் வராம உள்ள போவ மாட்டேன்னு அடம் புடிக்கும்னு பள்ளிவாசல் அசரத்து சொன்னாங்களே. நா அத வச்சுத்தான் உசுரோட இருக்கேன். நீங்க ஏன் கதவ சாத்துனீங்க?"

லியாக்கத் அலி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனுஷன் விக்கி விக்கி அழுதார். மைமூன் மையத்தாகக் கிடந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

அன்றைக்கே அவரோடு நானும் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினேன். பரங்கிப்பேட்டையைத் தாண்டும்போது வெள்ளாற்றுத் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. அவர் ஜன்னலில் தலை சாய்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். ஓதுகிறாரா, எழுதுகிறாரா என்று தெரியவில்லை.

சின்னையன் நல்ல மனிதர்தான், ஆனால் எழுத்து விஷயத்தில் பிடிவாதக்காரர். "அச்சு கோத்து முடிச்சாச்சு பாய். இந்த மாதிரி முடிவு எவனும் எழுதினதில்ல. இத அப்படியே புத்தகமா போடறதா இருக்கேன். மாத்துனா கதை செத்துடும், புத்தகம் கிடையாது" என்றார். புத்தகம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மச்சான் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். தன் பெயர் போட்ட புத்தகம் ஒன்று, அவ்வளவுதான் அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது.

"வேணாங்க. ஈய எழுத்தக் கலைச்சுடுங்க" என்றார்.

அச்சாபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து புது முடிவை எழுதிக் கொடுத்தார். சின்னையன் முனகிக்கொண்டே அதைக் கோத்து அடித்துத் தர, மை காயாத தாள் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம். "எனக்காகச் சும்மா சொல்றீங்க, அச்சுல வந்தாத்தான் நெசம்" என்று தனம் சொல்வாள், அவருக்கு அது தெரியும்.

மறுநாள் சாயங்காலம் செல்லாயி பிள்ளையை என் தங்கை வீட்டுக்குத் தூக்கிவந்தாள். வாசலுக்கு நேரே, வீடுகளுக்கு இடையில், கடலில் அந்தக் கப்பலின் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. லியாக்கத் அலி படித்தார். ஊசிக் கப்பல் இறங்கியது. கதவு திறந்தது. சிறுமி படியேறினாள். ஏறினவள் கதவிலேயே நின்றுகொண்டாள். எங்க அம்மா அத்தா வராமல் உள்ளே வர மாட்டேன் என்றாள். கதவைச் சாத்த முடியவில்லை. கதவைச் சாத்தாமல் கப்பலால் கிளம்ப முடியவில்லை. அதற்குப் பின் அந்த உலகத்தில் இன்னொரு குழந்தையை ஏற்ற எந்தக் கப்பலும் வரவில்லை.

தனம் தாளை வாங்கி மோந்து பார்த்தாள். மை விரலில் ஒட்டியது.

"அப்ப என்னைய ஏத்திக்க வராதா?"

"வராது. அது அங்கயே நிக்குது" என்றார்.

"அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே இருந்தா பசிக்காதா?"

 என் மச்சான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆரிபாதான் சொன்னாள்: "பசிக்கும்டி. அதான் அவங்கம்மா சோறு கட்டிக்கிட்டுப் போயிட்டே இருக்கா. தூரம் ஜாஸ்தி, மெதுவாத்தான் போவ முடியும்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவள் கையில் அந்தச் சின்னக் கோரைப்பாய் இருந்தது. தூசி தட்டி விரித்தாள். சுருட்டியே கிடந்ததால் ஓரம் சுருண்டு சுருண்டு எழும்பியது. அதை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டு, தனத்தை அதில் உட்காரவைத்தாள். என் மண்டியிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு, சோற்றோடு வைத்தாள். பிள்ளை ஒரு துண்டைப் பிய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தது. பிறகு சாப்பிட ஆரம்பித்தது.

"மைமூனும் இப்படித்தான், மொதல்ல நக்கிப் பாப்பா" என்றாள் ஆரிபா.

லியாக்கத் அலி நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து பாயின் ஓரத்தில் வைத்தார். "நெத்திலித் தலைய மட்டும் கிள்ளிப் போட்டுடுவா" என்றார்.