பீடியை விட்டவனுக்கு வந்த இருமல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போதகர் ஐயா இரண்டு முறை கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஞானஸ்நானம் எடுத்த அன்று பீடியை விட்டேன். அதைச் சபையில் சாட்சியாகவும் சொன்னேன். பதினான்கு வருடமாகத் தொடவில்லை. போன வருடம் ஈஸ்டர் முடிந்ததும் இருமல் பிடித்தது. ஆராதனை நடுவில் இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு, வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன மச்சான், பீடிக்கட்டு திரும்பக் கைக்கு வந்திருச்சா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு சபைக்குப் போகவில்லை. மனைவி இறந்து மூன்று வருடம். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் போனில் பேசும்போது துண்டை வாயில் அழுத்திக்கொள்வேன். மருந்துக்கடை டானிக்கிலேயே மூன்று மாதம் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சபை ஒலிபெருக்கி என் வீடு வரைக்கும் கேட்கும். நோயாளிகளின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். என் பெயர் வராது. நான் யாரிடமும் சொல்லவில்லையே, எப்படி வரும்?

ஒரு காலையில் துண்டில் இரத்தம். அடுப்படியிலேயே முழங்கால் போட்டேன். சுகம் கேட்கவும் தைரியமில்லை.

"ஆண்டவரே, நானாப் போயி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். யாராச்சும் வந்து கேக்கட்டும்" என்று மட்டும் ஜெபித்தேன்.

அந்த வாரமே ஒருவர் கேட்டார். மாதாமாதம் வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் மல்லிகா. அவர் வரும்போதெல்லாம் அடக்கிவிடும் இருமல் அன்று அடங்கவில்லை. வாசலில் நின்றபடியே, எத்தனை நாளாக இந்த இருமல் என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பீடியை விட்டுவிட்டேன் என்பதை மட்டும் மூன்று முறை சொன்னேன்.

"விட்டது நல்லதுண்ணே. ஆனா விட்டவுங்களுக்கும் வரும், தொடாதவுங்களுக்கும் வரும். ஒங்கள இப்ப யாரு குத்தம் சொன்னா? நாளைக்கு எக்ஸ்ரே எடுத்துருவோம், வாங்க."

எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. காசநோயோ என்று சளியைப் பரிசோதித்தார்கள். இல்லை என்று வந்தது. அப்பாடா என்று வீட்டுக்குத் திரும்பப் பார்த்தேன். அப்படியானால் அந்த நிழல் என்ன என்று மல்லிகா விடாமல் கேட்டார். தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஸ்கேன், சதைப் பரிசோதனை. நுரையீரல் புற்றுநோய். ஆனால் கட்டி சிறியது, வேறெங்கும் பரவவில்லை, அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாதாம். அன்றுதான் மகளிடம் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்று கேட்டு அழுதாள்.

வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இப்போது வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் உயிரோடிருக்கிறேன். மல்லிகா நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அவரை என் வாசலுக்கு அனுப்பியவர் ஆண்டவர் என்றே நம்புகிறேன். அவருக்கே ஸ்தோத்திரம்.

அன்பானவர்களே, இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு எழுந்து டாக்டரிடம் போங்கள். என்னைப் போல் வெட்கப்பட்டு ஒளிந்திருக்காதீர்கள். ஆண்டவர் உங்களையும் கைவிட மாட்டார்.

இப்போது மறுபடியும் சபைக்குப் போகிறேன். இதைப் போன ஞாயிறு அங்கே சொன்னேன். மறுநாள் ஒரு சகோதரி கறம்பக்குடிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.