பேர் போடாத பெட்டி

குக்கர் அக்காவுக்கு மூக்கு மேலதான் கோபம். அந்தப் பேரை வைத்தது அவள் கொழுந்தன். "அண்ணி விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி உஸ்ஸுனு ஒரு சத்தம் வரும், அப்பவே ஓடிரணும்" என்று அவன் வேலை செய்கிற பெண்களிடம் சொல்லப்போக, கம்பெனி முழுக்க அதுவே பேராகிவிட்டது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய கார் ஷெட், கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி, பெட்டி கட்ட நாலு பெண்கள், ஒரு வேன், மூலையில் கம்ப்யூட்டரோடு கொழுந்தன். ஆன்லைனில் ஆர்டர் வரும், பெட்டி கிளம்பும். பெரியவர்களுக்கான டயபர், நீர் உறிஞ்சும் விரிப்பு என்று படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வேண்டியதைத்தான் விற்றார்கள்.

இந்தத் தொழிலுக்கு அவளைத் தள்ளியதே ஒரு கோபம்தான். மாமியார் வழுக்கி விழுந்து படுக்கையான புதிதில், மருந்துக் கடைக்குப் போய் மெதுவான குரலில் கேட்டாள். கடைக்காரன் கல்லாவிலிருந்தே உள்ளே பார்த்துக் கத்தினான்: "பெரியவங்க டயபர் ஒண்ணு எடுப்பா! எந்த சைஸும்மா? யாருக்கு?" வரிசை மொத்தமும் திரும்பியது. வரிசையில் கீழ்வீட்டுக்காரி வேறு நின்றிருந்தாள். கேட்கவா வேண்டும்? பொழுது சாய்வதற்குள் விஷயம் மாடிக்கு மாடி ஏறிவிட்டது. நலம் விசாரிக்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே விசாரித்தார்கள். ஊரையே அதட்டி வாழ்ந்த மாமியார் அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், அப்புறம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஒரே சத்தத்துல அவங்க மானத்தை வாங்கிட்டான் பாவி" என்று சொல்லும்போதெல்லாம் அக்கா பல்லை நறநறவென்று கடிப்பாள்.

அதனால்தான் அவள் கம்பெனியின் முதல் சட்டம்: பெட்டி மேல் பொருளின் பேர் கூடாது. வெறும் பழுப்பு அட்டை. பில்லில்கூட 'வீட்டு அலங்காரப் பொருள்' என்றுதான் இருக்கும். பில்லும் பதிவும் ஒத்துப்போக வேண்டுமே என்று அரசாங்கத்தில் பதியும்போதும் கொழுந்தன் அந்த வகையையே போட்டுவிட்டான். "நாம பூச்சாடி விக்கிறோம்னே ஊர் நினைக்கட்டும் அண்ணி" என்றான். அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். வாடிக்கையாளர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். போனில் "பூச்சாடி தீர்ந்துபோச்சு" என்பார்கள், சைஸ் மட்டும் சொல்வார்கள்.

அப்புறம் ஊரையே பூட்டிப்போட்ட அந்தத் தொற்றுநோய் வந்தது. தெருவுக்குத் தெரு தடுப்பு. ஆன்லைன் கம்பெனிகள் அத்தியாவசியப் பொருளை மட்டும்தான் அனுப்பலாம் என்று உத்தரவு. "நமக்கென்ன கவலை அண்ணி? இதைவிட அத்தியாவசியம் எது?" என்று கொழுந்தன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன வேன் போன சுருக்கில் திரும்பி வந்தது.

வண்டிக்கார அண்ணன் தலையைச் சொறிந்தார். "பூச்சாடி இப்ப என்ன அவ்வளவு அவசரம்னு தடுப்புல போலீஸ்காரரு கேக்குறாரும்மா."

"பிரிச்சுக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேனே! உள்ள என்ன வேணா இருக்கட்டும், பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் பேச்சுன்னுட்டாரு."

கொழுந்தன் ஆட்டிய காலை நிறுத்தினான். பதிவை மாற்ற விண்ணப்பம் போடலாம் என்றால் அலுவலகம் பூட்டு. இணையத்தில் போடலாம் என்றால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இதற்கு நடுவில் உத்தரவு மேல் உத்தரவு. மருத்துவப் பொருள் போகலாம் என்றார்கள். டயபர் மருத்துவப் பொருள் இல்லை, சுகாதாரப் பொருள் என்றார்கள். சரி, சுகாதாரப் பொருளும் போகலாம், ஆனால் அந்த வகையில் பதிந்தவர்கள் மட்டும் என்றார்கள். காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. கொழுந்தன் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதையெல்லாம் உக்காந்து எழுதுறவங்க வீட்ல யாருமே படுக்கையில விழமாட்டாங்களா? எல்லாரும் நின்னுக்கிட்டேதான் சாவாங்களா?"

"என்னைக் கேட்டா எப்படி அண்ணி?"

"வேற யாரைக் கேக்குறது? அங்க எவன் போனை எடுக்குறான்?"

அவளுடைய போன் மட்டும் ஓயவே இல்லை. டீச்சரம்மா தினமும் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. தெருவில் எல்லோரிடமும் அவருக்கு முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருந்தார். வீடு தெருவை ஒட்டியது, பேசினால் வெளியே கேட்கும், அதனால் எப்போதும் கிசுகிசுப்புதான். "பூச்சாடி ரெண்டோ மூணோதான் மிச்சம் இருக்கும்மா. எப்படியாவது அனுப்பிரு கண்ணு."

"அனுப்பிடுறேன் டீச்சர்" என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு நாக்கு கூசியது.

கடைசியில் ஒரு உத்தரவு வந்தது. பதிவு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பது என்ன என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தால் விடுவார்கள். கொழுந்தன் துள்ளிக் குதித்தான். அக்கா பேர் போடாத பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணி, பேர் போட்டா பெட்டி போகும். போடலைன்னா ஷெட்டைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"போட மாட்டோம்னு வாக்குக் கொடுத்துதானடா வித்தோம்?"

"அப்ப கொடுத்த வாக்கை இப்ப இடுப்புல கட்டிவிட முடியுமா அண்ணி?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் அறை விழுந்திருக்கும். அவள் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சிலர் "எழுதித் தொலைங்க" என்றார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். டீச்சரம்மா "அப்படின்னா எனக்கு வேண்டாம்மா" என்று வைத்துவிட்டார்.

வேண்டாமாமே! அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மார்க்கரை எடுத்தாள். 'பெரியவர்களுக்கான டயபர்' என்று பெட்டி பெட்டியாக எழுதினாள், ஒவ்வொரு எழுத்தையும் யாரையோ வைவது போல அழுத்தி. டீச்சரம்மா பெட்டியிலும் எழுதி வேனில் ஏற்றினாள். மற்ற பெட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது. அது மட்டும் திரும்பி வந்தது.

"கதவையே திறக்கலம்மா" என்றார் வண்டிக்கார அண்ணன். "இது எங்க வீட்டுக்கு இல்லைன்னு உள்ள இருந்தே சொல்லிட்டாங்க."

மறுநாள் காலையில் இன்னொரு உத்தரவு. ஆன்லைன் வண்டி எதுவுமே ஓடக்கூடாது. எது வேண்டுமானாலும் மக்கள் நடந்து போய்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கொழுந்தன் படித்துவிட்டுச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் நின்றது. "பேசாம நெஜமாவே பூச்சாடி வித்திருக்கலாம் அண்ணி."

அக்கா டீச்சரம்மாவின் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பெட்டி மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள் ஷெட்டில் வேலை செய்கிற ஒரு பெண். சுற்றினால் தடுப்பில் பிரி என்பான். அப்படியே போனாள். தடுப்பில் நின்ற போலீஸ்காரன் எழுத்தைப் படித்துவிட்டு, தொடக்கூடாததைப் பார்த்தவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் காட்டினான். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. வழி நெடுக டீச்சரம்மாவைத் திட்ட வேண்டியதைச் சேர்த்துக்கொண்டே போனாள். உங்க கௌரவத்துக்கு அந்த மனுஷன் ஈரத்துல கிடக்கணுமா டீச்சர்? பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவங்கதானே நீங்க?

தெருவில் எல்லா வீட்டிலும் ஆள்கள் ஜன்னலிலும் மாடியிலும் நின்றிருந்தார்கள். வேறு வேலை இல்லையே. டீச்சரம்மா வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்து முழுசாகத் திறந்து கிடந்தது. திரைச்சீலை இல்லை. கம்பியில் வளையம் மட்டும் தொங்கியது. உள்ளே கட்டிலில் அவர் வீட்டுக்காரர், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல். டீச்சரம்மா ஒரு கையால் அவர் காலைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் நீலப்பூப் போட்ட திரைத்துணியை மடித்து அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். மிச்சத் திரை நாற்காலியில் கிடந்தது, மேலே கத்தரிக்கோல். வீட்டிலிருந்த பழைய துணியெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

எதிர் மாடியில் இரண்டு பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து டிவி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேர்த்து வைத்த திட்டில் ஒரு வார்த்தைகூட டீச்சரம்மாவுக்கு மிஞ்சவில்லை. அத்தனையும் மாடிக்குப் போனது. "என்னய்யா வேடிக்கை? உங்களை எல்லாம் பெத்தாங்களா, பொறுக்கிட்டு வந்தாங்களா? உள்ள போங்க!" தெருவே கிடுகிடுத்தது. இரண்டு தலையும் மறைந்தது. வேறு ஜன்னல்களில் வேறு தலைகள் முளைத்தன.

டீச்சரம்மா ஜன்னலுக்கு வந்தார். "வேண்டாம்னு சொன்னேன்ல உன்கிட்ட?"

"சொன்னீங்க டீச்சர்."

கதவு திறக்கவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. பெட்டியை அங்கேயே கிழித்தாள். டயபரை ஒவ்வொன்றாகக் கம்பி இடுக்கில் தள்ளினாள். டீச்சரம்மா முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அப்புறம் ஒவ்வொன்றாக வாங்கினார். பெட்டி காலியானதும் அக்கா அட்டையை விரித்து, இரண்டு கையாலும் ஜன்னலை மறைத்து அழுத்திப் பிடித்தாள். உள்ளே கட்டில் முனகியது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வெயில் அவள் முதுகில் விழுந்தது. கை கடுத்தது.

"ஏம்மா" என்று உள்ளேயிருந்து டீச்சரம்மா கூப்பிட்டார். "எழுத்து எந்தப் பக்கம் இருக்கு?"

"தெருப் பக்கம், டீச்சர்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"சரி" என்றார் டீச்சரம்மா, கிசுகிசுக்காமல். "கையை எடுத்துராத."