ஒன்பது சத்தம்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் என் வீட்டுக்காரர் சூப்பர்வைசர். நானும் அங்கேதான் கல் அள்ளினேன். வெடி வைத்தால், எத்தனை குழி, எத்தனை சத்தம் என்று எண்ணிச் சரிபார்த்து, அரை மணி பொறுத்துத்தான் அவர் விசில் ஊதுவார். பிறகுதான் நாங்கள் இறங்குவோம்.

எண்பதுகளின் கடைசியில் சூப்பர்வைசர்களுக்கு மட்டும் ஊக்கத்தொகை வந்தது. லோடு கூடினால் அவர்களுக்குப் பணம் கூடும். அரை மணி கால் மணியானது. பிறகு புகை அடங்கினாலே விசில்தான்.

ஒருநாள் பத்துக் குழி. எனக்கு ஒன்பது சத்தம்தான் கேட்டது. பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன்.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரருதான, போய்ச் சொல்லு. நான் சொன்னா, நீயா வெடி வச்சன்னு கேப்பாரு."

அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவர் கணக்குத் தப்பு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. நின்றுவிட்டேன்.

"லாரி நிக்குல்லா, எறங்குங்கலே" என்று அவர் விசில் ஊதினார்.

கடப்பாரை பட்டதும் பத்தாவது வெடித்தது. கூமாப்பட்டிக்காரர் ஒருவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

"ஒம்பதுதான் கேட்டுச்சு. ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார் வீட்டுக்கு வந்து.

நானும் ஒன்பதுதான் எண்ணினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாளும் இருவரும் வேலைக்குப் போனோம்.